அடியில் கிடப்பது

கல் பாவுகிறவர் வந்ததும் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை. பின்தோட்டத்தின் நடுவில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் மண்ணை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். பதிந்த குழியில் மெல்லத் தண்ணீர் ஊறியது. அதைப் பார்த்துக்கொண்டே, மேலே போடுகிற கல்லை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம், கடையில் இருப்பதிலேயே மட்டமானதைப் போட்டாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இந்த மண்ணை ஒரு முழம் தோண்டியெடுத்து, நல்ல ஜல்லியாகக் கொட்டி இறுக்காவிட்டால் ஒரே மழையில் கல்லெல்லாம் ஆளுக்கொரு திசை பார்க்கும் என்றார். ஜல்லி என்ன விலை என்று வீட்டுக்காரி கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு ஏதோ ஏமாற்று வேலை நடப்பதுபோல இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற கல்லைவிட, யார் கண்ணுக்கும் தெரியாமல் மண்ணுக்குள் கிடக்கப்போகிற ஜல்லிக்கு அதிகம் ஆகுமாம்.

மலிவாக வேறு எதுவும் இல்லையா என்று கேட்டாள். வெறும் மண்ணை நிரப்பினால் உள்வாங்கும், கல் உடைக்கிற கிரஷர் தூளை மட்டும் போட்டால் தண்ணீர் அரித்துக்கொண்டு போகும், ஆற்று மணல் பேச்சையே எடுக்காதீர்கள் என்று அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். இருப்பதிலேயே சல்லிசானது இடிபாடுதான். யாராவது பழைய சுவரை இடித்தால் அந்தச் செங்கல்லை உடைத்துப் போட்டுக்கொள்ளலாம், உறுதியில் கருங்கல் ஜல்லிக்குப் பெரிதாகக் குறையாது. ஆனால் இப்போது வருகிற இடிபாட்டில் பாதி பிளாஸ்டிக், பாதி அட்டை, வண்டி வாடகை வேறு. சுத்தமான பழைய செங்கல் பக்கத்திலேயே கிடைத்தால் அது அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டு வந்தவரின் கண், தோட்டத்துக் கோடியில் நின்ற ஒற்றை அறை மேல் போய் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு, யோசித்துச் சொல்லுங்கம்மா என்று கிளம்பிவிட்டார். ஆனால் அவர் கண் போன இடத்தை அவள் பார்த்துவிட்டாள்.

அவளுக்கு அந்தக் கல்தளம் வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லக் கைவசம் ஒரு காரணம் வைத்திருந்தாள். அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்துதானே கொழுந்தன் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இனிமேலும் ஒருவர் விழ வேண்டுமா. போன் செய்த சொந்தக்காரர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னாள். உனக்கு நல்ல மனசு என்றார்கள். உண்மைக் காரணம் அவள் வேலை பார்க்கிற ஆபீஸின் மேலாளர் அம்மாவுடைய வீட்டில் இருந்தது. ஒரு மாலையில் இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் அங்கே டீ குடிக்கப் போயிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் சாம்பல் நிறக் கல் பாவி, ஓரத்தில் தொட்டிச் செடி வைத்து, நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தவளுக்கு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேலை எதுவும் கையில் இல்லாமல் தான் ஒரு இடத்திலும் உட்கார்ந்ததே இல்லை என்று தோன்றியது. இதோ, அவள் ஆபீஸிலிருந்து ஓய்வு பெறப் போகிறாள். கடைசியாக ஒரு முறை அவர்களையெல்லாம் தன் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு அந்தச் சேற்றையா காட்டுவது?

கொழுந்தனை வீட்டில் எல்லோரும் ரோலர் என்றுதான் சொல்வார்கள். தார் ரோடு போடுகிற காண்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் உடம்பு ஓய்ந்துபோகிற வரை ரோடு ரோலர் ஓட்டியவன். அந்த வண்டியின் வேகம்தான் அவனுக்கும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு காய்ந்துபோகும். ஒரு கேள்வி கேட்டால், கேட்டவர் மறந்துபோன பிறகு பதில் வரும். பெண் பார்த்த இடத்திலெல்லாம் இவன் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்களுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது என்று வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அவனும் சேர்ந்து சிரிப்பான். மாமனார் உயிரோடு இருந்தபோது சின்ன மகனுக்கென்று தோட்டத்தில் கட்டிக் கொடுத்த அறை அது. அதிலேயே இருந்துவிட்டான். வேளைக்குத் தட்டோடு சமையலறை வாசலுக்கு வருவான், வாங்கிக்கொண்டு போவான், கழுவித் திருப்பித் தருவான். வீட்டுக்கு மாடி எழும்பியது அவன் சம்பளத்தில். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவனும் சொன்னதில்லை. அப்படி அவன் சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல். ஒரு தடவை சொல்லிக் காட்டியிருந்தால் பதிலுக்குத் தான் போட்ட சோற்றைச் சொல்லிக் காட்டிக் கணக்கை நேர் செய்திருப்பாள்.

அன்று மாலை கணவரிடம் விஷயத்தை எடுத்தாள். நேராக எடுக்கவில்லை. தம்பி இனிமேல் வாக்கர் மாதிரி நாலு கால் கைத்தாங்கு வைத்துத்தான் நடக்க முடியும் என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்தாள். அந்த அறைக்குப் படி ஏற வேண்டும், கக்கூஸ் வெளியே. எப்படியும் அங்கே இருக்க முடியாது. மாடிப்படிக்கு அடியில் வாஷிங் மெஷினை நகர்த்தினால் ஒரு கட்டில் போடலாம். அப்போது அந்த அறை சும்மாதானே கிடக்கும், இடித்தால் அடியில் போட ஆயிற்று, இடமும் ஆயிற்று. கணவர் பேப்பரை மடித்தார். அவர் எதற்கும் சரி என்று சொல்கிறவர் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்புக்கு என்ன அர்த்தம் என்று எடுத்துக்கொள்வது கேட்பவர் பாடு. இத்தனை வருஷமும் அவள்தான் அர்த்தம் சொல்லி வந்தாள். இப்போதும் கனைத்தார். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. பழைய செங்கல் தண்ணீரில் ஊறி மாவாகிவிட்டால் என்ன செய்வது? கல் பாவுகிறவரைக் கேட்டால் ஜல்லி விற்கப் பார்ப்பார். இதைத் தெரிந்த ஒரு ஆள் அவள் குடும்பத்திலேயே இருந்தான். மறுநாள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவனிடமே கேட்டுவிடலாம் என்று எண்ணித்தான் போனாள் என்று சொல்ல முடியாது. ஆனால் டப்பாவைத் திறந்து வைத்ததும் வாய் அதைத்தான் கேட்டது.

ரோலர் மல்லாந்து கிடந்தான். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தோட்டத்தில் கல் பாவப் போகிறோம் தம்பி என்று சொன்னதும், அவன் முகத்தில் அவள் எப்போதும் பார்த்திராத ஒரு வெளிச்சம் வந்தது. தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னான். இந்த வீட்டில் அவனிடம் யாரும் எதையும் யோசனை கேட்டதே இல்லை. போர்வை மேல் விரலால் கோடு இழுத்து, கீழே பெரிய துண்டு, மேலே சின்னது, அதற்கு மேல் தூள் என்று அடுக்கு அடுக்காகச் சொன்னான். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவையில் இறுக்கினால் மேல்தோல் மட்டும்தான் இறுகும், உள்ளே பொக்கையாகவே இருக்கும், ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் குத்தி இறுக்க வேண்டும் என்றான். புது ஜல்லிக்குக் காசைக் கொட்ட வேண்டாம், பழைய செங்கல்லே போதும் என்று அவனாகவே சொன்னான்.

"எங்க கிடைக்குது அண்ணி?"

"பக்கத்துல ஒரு பழைய ரூமை இடிக்கறாங்க தம்பி."

"சிமெண்டுக் கட்டா, சுண்ணாம்புக் கட்டா?"

"சுண்ணாம்பு."

"அப்ப நம்ம ரூம் மாதிரின்னு சொல்லுங்க. தாராளமாப் போடலாம். அப்பா நின்னு பார்த்துக் கட்டுனது. தட்டுனா மணி மாதிரி சத்தம் கேக்கும்." சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "யார் இருந்தா அதுல?"

"யாரோ ஒண்டிக்கட்டை ஆளு. காலி பண்ணிட்டாராம்."

"அப்ப நல்லதாப் போச்சு. குடும்பம் இருந்த வீடுன்னா இடிக்கறப்ப ஆளாளுக்கு வந்து அழுவாங்க. இதுக்கு யார் வரப்போறா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. மரச்சட்டம், துணி எதுவும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மக்கிப்போனால் அந்த இடம் உள்வாங்கும் என்று வாசல் வரை கேட்கும்படி சொல்லி அனுப்பினான்.

அவனுடைய சாமான்களை வெளியே எடுக்க அரை நாள்கூட ஆகவில்லை. ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, நாலு சட்டை, ஒடுக்கு விழுந்த ஒரு டார்ச் லைட். சுவரைப் பார்த்தபோதுதான் அவள் ஒரு நிமிஷம் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. ரோட்டில் கோடு போடுகிற மஞ்சள் பெயிண்டில் மிச்சம் கிடைத்தபோதெல்லாம் கொண்டுவந்து அடித்திருக்கிறான்போல. நாலு சுவரும் பளீரென்று மஞ்சள். உள்ளே நின்றால் வெளியே மேகம் போட்டிருப்பதே தெரியவில்லை. கடப்பாரைக்காரர்கள் காத்திருந்தார்கள். அவள் வெளியே வந்து, ஆரம்பியுங்கள் என்றாள். கூரையைப் பிரித்த பிறகு சுவர் ஒரு பகலுக்குள் விழுந்துவிட்டது. அவன் சொன்ன மாதிரியே செங்கல் ஒவ்வொன்றும் கணீர் கணீர் என்றது. கல் பாவுகிறவர் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி சரக்கு இப்போது எங்கே கிடைக்கிறது என்று வியந்தார். கைமுஷ்டி அளவுக்கு உடைத்தார்கள். மஞ்சள் முகம் தெரிந்த துண்டுகளைக் கவிழ்த்துப் போடச் சொன்னாள். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு, ரோலர் போர்வையில் கோடு இழுத்துக் காட்டியதில் ஒன்றையும் விடாமல் செய்ய வைத்தாள். கணவர் அந்த நாட்களில் காலையில் லைப்ரரிக்குப் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தார்.

தளம் அழகாக வந்தது. அவளே எதிர்பார்க்கவில்லை. காலையில் வெறுங்காலோடு அதன் மேல் நடந்து பார்த்தாள். ஒரு கல் ஆடவில்லை. நாலு புது நாற்காலி வாங்கிப் போட்டாள். ஆபீஸ்காரர்களை ஒரு சனிக்கிழமை சாயங்காலத்துக்குக் கூப்பிட்டாள். ரோலரை அதற்கு அடுத்த வாரம்தான் அனுப்புவார்கள். அதற்குள் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொள்ளலாம்; முதல் நாள் அழுவான், பிறகு பழகிவிடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் கட்டில் தட்டுப்பாடு என்று சொல்லி அவனை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். கணவருக்குத்தான் போன் வந்தது. அவர் அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனை முறை கேட்டும் தொண்டையைத்தான் கனைத்தார். மேலாளர் அம்மா முதல் வாய் டீயைக் குடித்துவிட்டு, எங்க வீட்டைவிட நல்லா இருக்கே என்று சொன்ன நேரத்தில் பக்கவாட்டுச் சந்தின் கேட் திறந்தது. ரோலர் தன் அறைக்கு எப்போதும் வருகிற வழியிலேயே வந்தான். இரண்டு கையாலும் கைத்தாங்கைப் பிடித்து, அதை ஒரு எட்டு முன்னால் வைத்து, பிறகு தான் ஒரு எட்டு வைத்து. பின்னால் கணவர் டப்பாவும் பையுமாக வந்தார். தளத்தின் ஓரத்தில் கைத்தாங்கு கல்லைத் தொட்டதும் ரோலர் நின்றான். தலையை நிமிர்த்தி, தோட்டத்துக் கோடியைப் பார்த்தான். அங்கே இப்போது மதில் தெரிந்தது.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் ஆஸ்பத்திரித் தாடி. அவளுக்கு அந்த ஒரு நொடியில் தோன்றியதெல்லாம் இந்தச் சாயங்காலம் கெட்டுவிடக் கூடாது என்பதுதான்.

"யார் இவர்?" என்றார் மேலாளர் அம்மா.

"தெரிஞ்சவர் மேடம். ரோடு வேலை பார்த்தவர். இந்தத் தளத்துக்கு அடியில என்ன போடணும்னு இவர்தான் யோசனை சொன்னார்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ரோலர் அவளைப் பார்த்தான். வழக்கம்போல அவனுக்கு விஷயம் உள்ளே இறங்க நேரமானது. அது இறங்குவதை அவள் கண்ணால் பார்த்தாள். போர்வையில் கோடு இழுத்தது, சுண்ணாம்புக் கட்டா என்று கேட்டது, ஒண்டிக்கட்டை, எல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து நின்றுவிட்டுப் போயின. குனிந்து, கைத்தாங்கால் கல்லை இரண்டு தட்டுத் தட்டினான். காதைச் சாய்த்துக் கேட்டான்.

"நல்லா இறுகியிருக்கு," என்றான். பிறகு மேலாளர் அம்மா பக்கம் திரும்பினான். "பழைய ரூம் ஒண்ணு இருந்துச்சும்மா. அதைத்தான் உடைச்சு அடியில போட்டிருக்கு. ஒரு ஒண்டிக்கட்டை ஆளு இருந்தான் அதுல."

"அடடா. அந்த ஆளு இப்ப எங்க இருக்கார்?"

"அதை அண்ணியைத்தான் கேக்கணும்."

ஒருவர் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. மேலாளர் அம்மா அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் கணவர் பையைக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து எந்த விஷயத்திலும் முழுதாக ஒரு வாக்கியம் சொல்லாத மனிதர், கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் அப்பவே வேண்டாம்னுதான் சொன்னேன்."

அவர்கள் டீயை மிச்சம் வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மேலாளர் அம்மா மட்டும் வாசலில் அவள் கையைப் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கோங்க என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஆபீஸில் தலை குனியாமல் வேலை பார்த்திருந்தாள். இனித் திங்கட்கிழமை அவள் உள்ளே நுழையும்போது பேச்சு நிற்கும்.

ரோலர் அழவில்லை. மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்த கட்டிலைக் காட்டியபோது ஒரு முறை பார்த்தான். கட்டிலை வெளியே எடுத்துப் போடு அண்ணே என்றான். கணவர் கனைத்தார். அவன் அதற்கு ஒரு அர்த்தமும் எடுத்துக்கொள்ளாமல் அங்கேயே நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் கணவரே தனி ஆளாகக் கட்டிலை இழுத்துக்கொண்டு போய்த் தளத்தின் கோடியில் போட்டார். கொஞ்சம் வடக்கே, இன்னும் கொஞ்சம், தலைமாடு இந்தப் பக்கம் என்று ரோலர் சொல்லச் சொல்ல, ஒரு விரல்கடை பிசகாமல் அது அறையில் எப்படிக் கிடந்ததோ அப்படி வந்தது. டிரங்குப் பெட்டி அதற்குப் பக்கத்தில். அவன் படுத்துக்கொண்டான்.

மறுநாளும் அங்கேயே கிடந்தான். வேளைக்குக் கைத்தாங்கில் தட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தான், வாங்கிக்கொண்டு போனான், கழுவித் தந்தான். சட்டையைத் தொட்டிச் செடிமேல் காயப்போட்டான். அக்கம்பக்கத்து மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. துணி எடுக்கிற சாக்கில் பெண்கள் மொட்டைமாடிக்கு வந்து நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள், ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்ட அவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேராகப் போய்க் கட்டிலருகில் நின்றாள்.

"ஊர் சிரிக்குது தம்பி. உள்ள வந்து படுங்க."

"நான் என் ரூம்லதான் படுத்திருக்கேன் அண்ணி," என்றான் அவன் வானத்தைப் பார்த்தபடி. குரலில் கோபமே இல்லை. "கூரைதான் இல்ல."

அவள் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். தான் வடித்துக் கொட்டிய சோற்றைச் சொன்னாள், துவைத்துப் போட்ட போர்வைகளைச் சொன்னாள், தன் வயசைச் சொன்னாள். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது, வெளியே வந்தபோது மிகக் கொஞ்சமாகத்தான் இருந்தது. அவன் மாடியைப் பற்றிச் சொல்வான், இப்போதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். வெயிலில் கிடந்து கிடந்து முகம் கருத்திருந்தது. நெற்றியில் ஒரு ஈ உட்கார்ந்தது. அதை விரட்டக் கை தானாக எழுந்தது. கையைக் கீழே போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

அன்று மாலை நாலு மணி வாக்கில் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. காற்று தொட்டிச் செடிகளைச் சாய்த்தது. கணவர் பின்பக்க ஜன்னலருகில் நின்றார். போய் தம்பியைத் தூக்கிட்டு வாங்க என்றாள். அவர் கனைத்தார். முதல் துளிகள் கல்லில் காசு காசாக விழுந்தன. பிறகு ஒரேயடியாகக் கொட்டியது. அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். கட்டிலை நோக்கித்தான் ஓடினாள். ஆனால் வழியில் நாற்காலிகள் இருந்தன, அவற்றின் மேல் போன வாரம் வாங்கிய மெத்தைத் திண்டுகள் நனைந்துகொண்டிருந்தன. கை அவற்றை எடுத்துவிட்டது. ஒன்று, இன்னொன்று, நாலையும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், தான் கட்டிலுக்கு எதிரிலேயே நிற்பது உறைத்தது.

ரோலர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை அவன் முகத்தில் நேராக இறங்கியது. அவன் இமைக்கக்கூட இல்லை. தலையணை ஊறிப் பெருத்திருந்தது. திண்டுகளைக் கீழே போடவும் முடியாமல், தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாமல் நின்றாள். அவள் பின்னால், வீட்டுக்குள், ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.